வேலையை விடும்போது மீதமுள்ள லீவுக்குக் காசு: சம்பளத்தை 30ஆல் வகுப்பது சரியா? (சிங்கப்பூர்)

கிடங்கு_கிளார்க் | 5 செப்டம்பர், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் 21ஆம் தேதி ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டேன். ஒப்பந்தப்படி ஒரு மாத நோட்டீஸ், கடைசி நாள் செப்டம்பர் 20. சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் ஆவணப் பிரிவு. வாரத்துக்கு 6 நாள் வேலை. நான் நிரந்தரவாசி, இங்கே மூன்றாம் ஆண்டு ஓடுகிறது.

அடிப்படைச் சம்பளம் 2,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஷிப்ட் படி 200, மாதாமாதம் மாறாமல் வரும். போக்குவரத்துப் படி 120. ஆண்டுக்கு 14 நாள் லீவ், ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை கணக்கு. இந்த ஆண்டு 4 நாள் எடுத்திருக்கிறேன். போன ஆண்டு 3 நாள் மிஞ்சியது. அதை இந்த ஆண்டுக்குக் கொண்டுவரலாம் என்று மேலாளர் மின்னஞ்சலில் சம்மதம் தந்தார்.

நேற்று எச்ஆர் அனுப்பிய இறுதிக் கணக்கில் லீவ் பற்றி ஒரே ஒரு வரி: "பயன்படுத்தாத விடுப்பு: 5 நாள் × 80.00 = 400.00". 2,400ஐ 30ஆல் வகுத்தால் 80 வருகிறது, அவ்வளவுதான் விஷயம் என்று நினைக்கிறேன். அந்த 3 நாளைப் பற்றி மூச்சே இல்லை. இது சரியான கணக்குதானா? சட்டத்தில் சூத்திரம் ஏதாவது இருக்கிறதா?

எண்சுவடி | 5 செப்டம்பர், இரவு 10:15

சூத்திரம் இருக்கிறது. அதில் 30 என்ற எண்ணே கிடையாது.

வேலை நியமனச் சட்டத்தின்படி பயன்படுத்தாத விடுப்புக்குக் காசு கொடுக்கும்போது அடிப்படைச் சம்பளத்தை எடுக்கக் கூடாது, மொத்தச் சம்பளத்தை எடுக்க வேண்டும். ஒரு நாள் மொத்தச் சம்பளத்துக்கு மனிதவள அமைச்சு சொல்லும் வழி: மாத மொத்தச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, வாரத்தில் எத்தனை நாள் வேலையோ அதை 52ஆல் பெருக்கிய எண்ணால் வகுக்க வேண்டும்.

மொத்தச் சம்பளத்தில் என்னென்ன சேரும் என்பதில்தான் பலர் குழம்புவார்கள். அடிப்படையும் நிலையான படிகளும் சேரும். ஓவர்டைம், போனஸ், ஆண்டிறுதிச் சம்பளம், செலவுத் தொகையைத் திருப்பித் தருவது, உற்பத்தித்திறன் ஊக்கத்தொகை இவை சேராது. போக்குவரத்து, சாப்பாடு, வீட்டுப் படிகளும் சேராது. ஆக உங்கள் 120ஐ விட்டுவிடுங்கள், 200ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2,600 × 12 = 31,200. வாரம் 6 நாள், அதனால் 52 × 6 = 312. ஒரு நாளுக்குச் சரியாக 100 வெள்ளி.

5 நாள்தான் மீதி என்றே வைத்துக்கொண்டாலும் 500 வர வேண்டும். 100 வெள்ளி குறைத்திருக்கிறார்கள்.

பாசிர்_ரிஸ்_குமாஸ்தா | 5 செப்டம்பர், இரவு 10:31

எங்கள் கம்பெனியில் எப்போதும் 26ஆல் வகுப்பார்கள். அதுவும் தப்பா?

எண்சுவடி | 5 செப்டம்பர், இரவு 10:38

6 நாள் வேலை என்றால் தப்பில்லை, 312ஐ 12ஆல் வகுத்தால் 26தான். 5 நாள் வேலை செய்பவருக்கு 26ஆல் வகுத்தால் அவருக்கு நஷ்டம். அவருக்கு 260ஐ 12ஆல் வகுக்க வேண்டும், 21.67 வரும். ஐந்தரை நாள் என்றால் 286. 30ஆல் வகுப்பதில் என்ன கோளாறு என்றால், ஞாயிற்றுக்கிழமையையும் வேலை நாளாக எண்ணிச் சம்பளத்தைப் பிரிக்கிறார்கள். ஆனால் லீவைக் கழிக்கும்போது மட்டும் வேலை நாளைத்தான் கழிக்கிறார்கள். ஒரே கணக்கில் இரண்டு அளவுகோல்.

மேசை_எண்_4 | 6 செப்டம்பர், காலை 8:05

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். நான் மேலாளர் நிலையில் இருக்கிறேன், மாதம் 6,500, வாரம் 5 நாள். இந்தச் சட்டம் எனக்கும் பொருந்துமா? மேலாளர்களுக்குச் சட்டம் இல்லை, ஒப்பந்தம்தான் எல்லாம் என்று எங்கள் எச்ஆர் சொல்கிறார்.

ஓய்வுபெற்ற_எச்ஆர் | 6 செப்டம்பர், காலை 8:50

அது பழைய கதை. முன்பு 4,500 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்கும் மேலாளர்கள், நிர்வாகிகள் சட்டத்துக்கு வெளியே இருந்தார்கள். 2019 ஏப்ரல் 1 முதல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். இன்று வீட்டுப் பணிப்பெண்கள், கப்பலோட்டிகள், அரசாங்க ஊழியர்கள் போன்ற சிலரைத் தவிர எல்லோரும் சட்டத்துக்குள்தான். வருடாந்திர விடுப்பும் அப்படியே.

உங்கள் 6,500க்கு ஒரு நாள் சரியாக 300 வெள்ளி. 30ஆல் வகுத்தால் 216.67. 12 நாள் மீதி என்றால் 3,600 எங்கே, 2,600 எங்கே. ஆயிரம் வெள்ளி!

இப்போது கிடங்குத் தம்பிக்கு. நாள் கணக்கை யாருமே கேள்வி கேட்கவில்லை. 5 எப்படி வந்தது என்று எச்ஆரிடம் கேட்டீர்களா?

கிடங்கு_கிளார்க் | 6 செப்டம்பர், மதியம் 1:10

கேட்டேன் சார். லீவ் செயலியில் 5.33 என்று காட்டுகிறது. முழு எண்ணுக்குக் குறைத்தோம் என்றார்கள்.

ஓய்வுபெற்ற_எச்ஆர் | 6 செப்டம்பர், மதியம் 2:25

சரி, அந்த 5.33 வந்த வழி இதுதான். ஆண்டு நடுவில் வெளியேறினால் முழுமையாக முடிந்த மாதங்களுக்கு மட்டும் லீவ் உண்டு. ஜனவரி 1 முதல் செப்டம்பர் 20 வரை முழு மாதம் 8. 14 × 8 ÷ 12 = 9.33. அரை நாளுக்குக் குறைந்த பின்னத்தை விட்டுவிடலாம், அரை நாளோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு நாளாக ஏற்ற வேண்டும். 9.33 என்பது 9. அதில் 4 போனால் 5. இந்த மட்டும் அவர்கள் செய்தது சரி.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கடைசி நாள் செப்டம்பர் 30 ஆக இருந்தால் முழு மாதம் 9. 14 × 9 ÷ 12 = 10.5. அரை நாளை ஏற்றினால் 11. பத்து நாள் தள்ளிப் போனால் லீவ் 9லிருந்து 11 ஆகிறது. புது வேலை எப்போது தொடங்குகிறது?

ராஜினாமா தேதியை முடிவுசெய்யும்போது யாரும் இதைப் பார்ப்பதில்லை. மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் வெளியேறி ஒரு மாதக் கணக்கையே விட்டவர்களுக்கு நானே இறுதிக் கணக்கு போட்டிருக்கிறேன். அவர்களாகக் கேட்டால் சொல்வேன், கேட்கவில்லை.

கிடங்கு_கிளார்க் | 6 செப்டம்பர், இரவு 8:00

புது வேலை அக்டோபர் 1. நடுவில் பத்து நாள் சும்மாதான் இருக்கப் போகிறேன். நாளைக்கே கேட்டுப் பார்க்கிறேன்.

விதிப்படி | 6 செப்டம்பர், இரவு 9:12

எல்லோரும் கொஞ்சம் வேகமாகப் போகிறீர்கள். சட்டம் கொடுக்கும் லீவ் வேறு, நிறுவனம் கொடுக்கும் லீவ் வேறு. இதைப் பிரிக்காமல் எச்ஆரிடம் போய்ச் சட்டம் பேசினால் மூக்குடைபடும்.

சட்டப்படி முதல் ஆண்டு 7 நாள், அப்புறம் ஆண்டுக்கு ஒன்றாக ஏறி, எட்டாம் ஆண்டில் 14ஐத் தொட்டு அங்கேயே நிற்கும். கிடங்கு நண்பருக்கு மூன்றாம் ஆண்டு. சட்டம் தருவது 9தான். 14க்கு மீதி 5 நாளும் நிறுவனம் ஒப்பந்தத்தில் தானாகச் சேர்த்தது. மொத்தச் சம்பளத்தில் காசாக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த 9க்கு உண்டு. கூடுதல் 5க்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பேசும்.

அதே காரணத்தால் போன ஆண்டின் 3 நாளும் சிக்கல்தான். மாதம் 2,600 வரை அடிப்படைச் சம்பளம் வாங்கும் அலுவலக ஊழியர்கள் சட்டத்தின் நான்காம் பாகத்துக்குள் வருவார்கள். அவர்கள் எடுக்காத சட்டப்படியான லீவை அடுத்த 12 மாதத்துக்குக் கொண்டுபோக நிறுவனம் விட வேண்டும். ஆனால் போன ஆண்டு இவர் 14ல் 11 எடுத்திருக்கிறார். அப்போது இரண்டாம் ஆண்டு, சட்டப்படி 8தான். சட்டப்படியான லீவை முழுக்க எடுத்து முடித்துவிட்டார். மிஞ்சிய 3 நாள் நிறுவனத்தின் தாராளம். அதைக் கொண்டுவரலாமா, எதுவரை வைத்துக்கொள்ளலாம், காசாக்கலாமா எல்லாமே ஒப்பந்தத்திலும் ஊழியர் கையேட்டிலும் இருக்கும்.

ஓய்வுபெற்ற_எச்ஆர் | 6 செப்டம்பர், இரவு 9:45

விதிப்படி சொல்வதில் பிழையில்லை, நடைமுறையில் கொஞ்சம் வேறு. லீவ் மீதியை இரண்டு விலையில் காசாக்கும் சம்பள மென்பொருளை நான் பார்த்ததில்லை. ஒரே விகிதம் போட்டுவிடுவார்கள். 5 நாள் என்று அவர்களே எழுத்தில் ஒப்புக்கொண்டாகிவிட்டது, விகிதத்தை மட்டும் திருத்தச் சொன்னால் போதும். ஒப்பந்தத்தில் காசாக்குவது பற்றி என்ன வாசகம், தம்பி?

கிடங்கு_கிளார்க் | 6 செப்டம்பர், இரவு 10:20

எடுத்துப் பார்த்தேன். "பணி விலகும்போது பயன்படுத்தாத வருடாந்திர விடுப்பு விகிதாசாரப்படி ரொக்கமாக்கப்படும்" என்று இருக்கிறது. அடிப்படையா மொத்தமா என்று ஒன்றும் இல்லை. கையேட்டில், கொண்டுவந்த விடுப்பை மார்ச் 31க்குள் எடுக்காவிட்டால் காலாவதி என்று இருக்கிறது. அப்போ 3 நாள் போச்சா?

எண்சுவடி | 6 செப்டம்பர், இரவு 10:26

இந்த ஆண்டு எடுத்த 4 நாளும் எந்தெந்தத் தேதி?

கிடங்கு_கிளார்க் | 6 செப்டம்பர், இரவு 10:30

பொங்கலுக்கு 3 நாள் தொடர்ச்சியாக, ஜனவரி. அப்புறம் ஜூனில் 1.

எண்சுவடி | 6 செப்டம்பர், இரவு 10:52

அப்படிப் போடுங்கள்! ஜனவரியில் எடுத்த 3 நாளை எந்தக் கணக்கிலிருந்து கழித்தார்கள் என்று செயலியில் பாருங்கள். கொண்டுவந்த லீவ் மார்ச்சில் காலாவதியாகும் என்றால் ஜனவரியில் எடுப்பவர் முதலில் அதைத்தான் எடுப்பார். அதற்காகத்தானே மேலாளர் சம்மதமே கொடுத்தார். ஆனால் சில செயலிகள் நேராகப் புது ஆண்டுக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, பழையதை மார்ச் கடைசியில் சத்தமில்லாமல் அழித்துவிடும்.

அப்படி நடந்திருந்தால் உங்களுக்குப் போனது 3 நாள் காலாவதி இல்லை, தப்பான பத்தியில் விழுந்த 3 நாள். சரிசெய்தால் இந்த ஆண்டுக் கணக்கிலிருந்து எடுத்தது ஜூன் மாத 1 நாள் மட்டும். மீதி 9 − 1 = 8.

பணம் கொடுங்கள் என்று கேட்பதைவிட, கணக்கு வரிசையைத் திருத்துங்கள் என்று கேட்பது எளிது. எச்ஆருக்கும் சங்கடமில்லை.

நள்ளிரவு_ஷிப்ட் | 7 செப்டம்பர், அதிகாலை 3:15

எனக்குக் காசாக்கவே வேண்டாம், அந்த நாட்களை நோட்டீஸில் கழித்துவிட்டுச் சீக்கிரம் வெளியேறலாமா? 6 நாள் மீதி இருக்கிறது. புது இடத்தில் அவசரப்படுத்துகிறார்கள்.

ஓய்வுபெற்ற_எச்ஆர் | 7 செப்டம்பர், காலை 9:30

செய்யலாம், ஆனால் இரண்டு வழி இருக்கிறது. பார்க்க ஒன்றுபோல இருக்கும், பணம் வேறு.

நோட்டீஸ் காலத்தில் லீவ் எடுப்பது முதல் வழி. நீங்கள் வீட்டில் இருந்தாலும் நோட்டீஸ் முடியும் நாள் வரை ஊழியர்தான். அதுவரை முழுச் சம்பளம் வரும், அந்த நாள் முடியும் வரை புது வேலையில் உட்கார முடியாது. இடையில் பொது விடுமுறை வந்தால் அது லீவில் சேராது.

இன்னொன்று, லீவை வைத்து நோட்டீஸையே குறைத்துக்கொள்வது. கடைசி நாள் முன்னால் வந்துவிடும், சம்பளமும் அந்த நாளோடு நிற்கும். கழித்த 6 நாளுக்குத் தனியாகக் காசு கிடையாது. புது வேலையில் 6 நாள் முன்னால் சம்பளம் தொடங்கும், அதுதான் உங்கள் லாபம். புது இடத்தில் சம்பளம் கூடுதல் என்றால் இது நல்ல பேரம்.

எதைக் கேட்கிறீர்கள் என்று மின்னஞ்சலில் தெளிவாக எழுதுங்கள். "லீவைக் கிளியர் பண்ணிக்கொள்கிறேன்" என்று மொட்டையாக எழுதினால் நிறுவனம் தனக்கு வசதியானபடி புரிந்துகொள்ளும்.

தென்காற்று | 7 செப்டம்பர், காலை 11:05

என் நிலைமை தலைகீழ். ஜூன் வரைக்கும் 10 நாள் எடுத்துவிட்டேன், ஜூலை கடைசியில் வெளியேறினேன். விகிதப்படி 8தான் வருமாம். 2 நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். பிடிக்கலாமா?

விதிப்படி | 7 செப்டம்பர், காலை 11:20

பிடிக்கலாம். சம்பாதிக்காத சலுகையைத் திரும்ப எடுப்பது சட்டம் அனுமதிக்கும் பிடித்தங்களில் ஒன்று. எந்த விகிதத்தில் பிடித்தார்கள் என்று மட்டும் பாருங்கள். கொடுக்கும்போது 30ஆலும் பிடிக்கும்போது 26ஆலும் வகுக்கிற ஆட்கள் உண்டு.

எஸ்பாஸ்_தம்பி | 7 செப்டம்பர், மாலை 6:40

அண்ணே, நான் வெளிநாட்டுக்காரன், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருக்கிறேன். வேலையை விட்டு இன்னொரு கம்பெனிக்கு மாறுகிறேன். கடைசி மாதச் சம்பளம், லீவ் காசு எல்லாத்தையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். வரி என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

எண்சுவடி | 7 செப்டம்பர், இரவு 7:30

ஏமாற்று இல்லை தம்பி, பயப்படாதே. குடியுரிமை இல்லாதவர் வேலையை விட்டால், முதலாளி உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு ஐஆர்21 படிவம் கொடுக்க வேண்டும். நாட்டை விட்டுப் போகாமல் வேலை மாறினாலும் இதே விதிதான். கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே கொடுக்க வேண்டும். நீ விலகப்போவது தெரிந்த நாளிலிருந்து உனக்குச் சேர வேண்டிய எல்லாப் பணத்தையும் அவர்கள் பிடித்து வைக்க வேண்டும், லீவ் காசும் அதில் அடக்கம். ஆணையம் வரியைக் கணக்கிட்டதும் அதைக் கழித்துவிட்டு மீதியை உன்னிடம் கொடுப்பார்கள்.

நீ கேட்க வேண்டியது ஒன்றுதான்: படிவம் எந்தத் தேதியில் போனது? இன்னும் போகவில்லை என்றால் உன் பணம் காரணமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. கிடங்கு_கிளார்க் போல நிரந்தரவாசியாக இருந்து இங்கேயே தொடர்பவருக்கு இந்த வேலையே இல்லை.

புதுமுகம்22 | 8 செப்டம்பர், காலை 7:55

சேர்ந்து 2 மாதம்தான் ஆகிறது, பிடிக்கவில்லை, விடப்போகிறேன். எனக்கு லீவ் காசு வருமா?

விதிப்படி | 8 செப்டம்பர், காலை 8:10

சட்டப்படி 3 மாதம் முடிந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் தாராளமாக ஏதாவது இருந்தால் அதிர்ஷ்டம்.

கிடங்கு_கிளார்க் | 11 செப்டம்பர், இரவு 9:05

நிலவரம் சொல்கிறேன். கடைசி நாளை 30க்குத் தள்ளச் சொன்னதற்கு முடியாது என்றுவிட்டார்கள், மாற்று ஆள் 15ஆம் தேதியே சேர்கிறாராம். செயலியைத் திறந்து பார்த்தேன். எண்சுவடி சொன்னது அச்சு அசல். ஜனவரி லீவை இந்த ஆண்டுப் பத்தியில் கழித்திருக்கிறது, பழைய பத்தியில் 3.00 என்று இருந்து ஏப்ரல் 1 அன்று 0.00 ஆகியிருக்கிறது. அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேலாளரின் பழைய மின்னஞ்சலையும் இணைத்து அனுப்பினேன். கூடவே சூத்திரத்தையும் போட்டேன்.

பதில்: "விடுப்புப் பதிவு திருத்தப்படும். தினசரி விகிதம் நிறுவனக் கொள்கைப்படி 80."

ஓய்வுபெற்ற_எச்ஆர் | 11 செப்டம்பர், இரவு 9:50

பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. இப்போது கோபப்படாமல் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "இந்தக் கொள்கை எந்த ஆவணத்தில் இருக்கிறது, வேலை நியமனச் சட்டத்தின் மொத்தச் சம்பள விகிதத்தைவிடக் குறைவாக இருப்பது எந்த அடிப்படையில்?" கொள்கை என்று சொல்வது சுலபம், அதை எழுதி அனுப்பும்போது மேலே இருப்பவர் கையெழுத்திட வேண்டியிருக்கும். சட்டத்தைவிடக் குறைவான ஒப்பந்த விதி செல்லாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். மனிதவள அமைச்சின் தளத்தில் சம்பள விகிதம் கணக்கிடும் கருவி இருக்கிறது, அதில் உங்கள் எண்களைப் போட்டு வரும் பக்கத்தையும் இணைத்துவிடுங்கள்.

விதிப்படி | 11 செப்டம்பர், இரவு 10:05

அதிலும் இறங்கிவரவில்லை என்றால் டிஏடிஎம். அரசாங்கம், தொழிற்சங்கம், முதலாளிகள் மூன்று தரப்பும் சேர்ந்து நடத்தும் சமரச அமைப்பு. வேலையை விட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும், தாண்டினால் கதவு மூடிவிடும். சமரசத்தில் முடியாவிட்டால் நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை கோரலாம், தொழிற்சங்கத்தின் துணையோடு சமரசத்துக்குப் போயிருந்தால் 30,000 வரை. உங்கள் தொகைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. பெரும்பாலும் அந்தப் பெயரைச் சொன்னதுமே வேலை நடக்கும்.

நோட்டீஸை முழுக்க முடித்து விலகுகிறீர்கள், அதனால் இறுதிச் சம்பளம் கடைசி நாளன்றே வர வேண்டும். நோட்டீஸ் கொடுக்காமல் போனவர்களுக்குத்தான் 7 நாள்.

கிடங்கு_கிளார்க் | 20 செப்டம்பர், இரவு 8:30

இன்று கடைசி நாள். சம்பளச் சீட்டு வந்தது: "பயன்படுத்தாத விடுப்பு: 8 நாள் × 100.00 = 800.00". டிஏடிஎம் பெயரைச் சொல்லவே இல்லை, சார் சொன்ன அந்த ஒரு கேள்விக்கு இரண்டு நாள் பதிலே வரவில்லை, மூன்றாம் நாள் திருத்திய கணக்கு வந்தது. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. இருக்கட்டும்.

ஒரு சந்தேகம். 800 முழுசாகக் கையில் வரவில்லை, 160 குறைகிறது.

எண்சுவடி | 20 செப்டம்பர், இரவு 8:44

அது மசேநி. காசாக்கிய லீவுக்கும் மத்திய சேம நிதி உண்டு, 55 வயது வரை ஊழியர் பங்கு 20 விழுக்காடு. நிரந்தரவாசியாக முதல் இரண்டு ஆண்டில் இருந்தால் விகிதம் குறையும், உங்களுக்கு அது தாண்டிவிட்டது போல. முதலாளி தன் பங்கையும் போட வேண்டும், அடுத்த மாதம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நோட்டீஸுக்குப் பதிலாகக் கொடுக்கும் பணத்துக்குத்தான் மசேநி கிடையாது. சில இடங்களில் இரண்டையும் ஒரே வரியில் போட்டுக் குழப்புவார்கள், உங்கள் சீட்டில் தனித்தனியாக இருக்கிறது.

மேசை_எண்_4 | 20 செப்டம்பர், இரவு 9:10

நானும் எங்கள் எச்ஆருக்கு அந்தக் கேள்வியை அப்படியே அனுப்பியிருக்கிறேன். 2019 என்று தேதியைச் சேர்த்து. பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.